இருபது கேட்டால் பத்து

மணி என்ன சார்? ஏழேகாலா? என் வாட்சிலும் ஏழேகால்தான். சும்மா சரிபார்த்தேன். ஒரு வாட்சை மட்டும் நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது.

நீங்க படிங்க. நான் தொந்தரவு பண்ண மாட்டேன். மடியில் புத்தகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நீங்களும் மதுரைக்குப் பரீட்சை எழுதத்தான் போறீங்க என்று. என்ன பரீட்சை? டிபார்ட்மென்ட் டெஸ்டா. பாஸ் பண்ணினால் புரமோஷன். நல்லது. எந்தக் காலேஜில் போட்டிருக்கான்? அட, எனக்கும் அங்கேதான். எனக்கு வேறு பரீட்சை, ஆனால் இடம் ஒன்றுதான். அப்போ மாட்டுத்தாவணியில் இறங்கி ஒரே ஆட்டோவில் போய்விடலாம். ஆட்டோக்காரனிடம் நீங்க வாய் திறக்க வேண்டாம். நான் பேசிக்கிறேன். அது என் தொழில்.

தொழில் என்றால் ஆட்டோ தொழில் இல்லை சார். பேசுகிற தொழில். தூத்துக்குடியில் கோயில்ராஜ் அண்ணாச்சி ஆபீஸ் தெரியுமா? தெரியாதா? துறைமுகத்தில் எந்த லாரிக்காரனைக் கேட்டாலும் சொல்லுவான். கப்பலில் வருகிற, போகிற சரக்குக்கெல்லாம் கஸ்டம்ஸில் பேப்பர் போட்டு, தீர்வை கட்டி, வெளியே எடுத்துக் கொடுக்கிற ஆபீஸ். இருபத்திரண்டு வருஷமாக அங்கே இருக்கிறேன். பெயர் பால்வண்ணம். பேப்பரில் கையெழுத்து அண்ணாச்சி போடுவார். மற்றதெல்லாம் நான்.

அந்தக் கையெழுத்துத்தான் சார் விஷயம். அதைப் போட ஒரு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு ஒரு பரீட்சை. அதை நான் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் பெயில். சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பெயிலானது நான் இல்லை, அந்தப் பரீட்சை. இருபத்திரண்டு வருஷமாகத் தொழில் செய்கிறவனை அளக்கத் தெரியாத பரீட்சை.

எதற்கு இந்த வண்டியை உருட்டிக்கொண்டே போகிறான்? எட்டயபுரம் தாண்டி எவ்வளவு நேரம் ஆச்சு? அஞ்சு மணி பஸ்ஸில் போகச் சொன்னாள் ஜெசிந்தா. ஆறேகால் பஸ் போதும் என்று நான்தான் சொன்னேன். ஒன்றேகால் மணி நேரம் முன்னால் போய் மதுரையில் என்ன செய்ய, கொசு அடிக்கவா?

ஜெசிந்தா யார் என்று கேட்கிறீங்களா? சொல்றேன். அவள்தானே எல்லாவற்றுக்கும் மூலம்.

நீங்க பக்கத்தைத் திருப்பவே இல்லையே சார்? படிங்க, படிங்க.

பரீட்சை என்னவென்றால், பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். மூன்று மணி நேரம். அறுபது எடுத்தால் பாஸ். முதல் தடவை நான் ஐந்து கேள்வி எழுதினேன். அதற்குள் மணியடித்துவிட்டான். எத்தனை மார்க் தெரியுமா? நாற்பத்தொன்று. கணக்குப் பாருங்க. எழுதியது ஐம்பது மார்க்குக்கு. வாங்கியது நாற்பத்தொன்று. ஐம்பதுக்கு நாற்பத்தொன்று என்றால் அது டிஸ்டிங்ஷன் இல்லையா? என்னைப் பெயில் என்று போடுகிறான்.

ஏன் ஐந்துதான் எழுதினேன் என்றால், ஒவ்வொன்றையும் ஒழுங்காக எழுதினேன். பத்து மார்க் கேள்விக்கு இருபது மார்க் அளவுக்குப் பதில். அது சும்மா வந்த புத்தி இல்லை சார், அடி வாங்கி வந்த புத்தி. பதினாறு வயதில் உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனேன். நியாயமாக என்ன கூலியோ அதைக் கேட்டேன். பக்கத்தில் நின்றவன் இரண்டு மடங்கு கேட்டான். சாயங்காலம் அவனுக்கு நியாயமான கூலி கிடைத்தது. எனக்குப் பாதி. உப்புப் பட்டு வெடித்த கையோடு அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது ஒரு முடிவு எடுத்தேன். பத்து வேண்டுமென்றால் இருபது கேள். எதிராளி வெட்டத்தான் செய்வான். வெட்டுவதற்கு இடம் விட்டுக் கேள். அன்றிலிருந்து இன்றுவரை நான் எதிலும் தோற்றது இல்லை.

பேப்பர் திருத்துகிறவனும் மனுஷன்தானே? பத்து மார்க்குக்கு எழுதினால் ஐந்து போடுவான். இருபது மார்க்குக்கு எழுதினால் பத்துப் போட்டே ஆக வேண்டும். சரியா இல்லையா, சொல்லுங்க.

என்ன சார், சிரிக்கிறீங்க.

அவளும் இப்படித்தான் சிரித்தாள். ஜெசிந்தா எங்கள் ஆபீஸில் பேப்பர் டைப் அடிக்க வந்த பிள்ளை. பதினோரு வருஷம் ஆகிறது. வந்த அன்றைக்கு எது ஏற்றுமதி பேப்பர், எது இறக்குமதி பேப்பர் என்றே தெரியாது. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. ரெண்டு பிள்ளைக்குத் தாய் இப்போது. முதல் ரிசல்ட் வந்த அன்றைக்கு என் மார்க்கைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"என்ன புள்ள இளிப்பு?"

"இல்லண்ணே. இருபது மார்க்குக்கு எழுதுனாலும் பத்துக்கு மேல அவனால போட முடியாதுல்லா. கட்டத்துல இடமே பத்துக்குத்தான இருக்கு."

"பத்தையாவது போடுவான்ல."

"அந்தப் பத்துக்காக அடுத்த கேள்வியோட பத்தைக் கடல்ல போட்டுட்டீங்களே. அம்பது மார்க்கை நீங்களே வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கீங்கண்ணே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையிலிருந்த பைலைத் தூக்கி மேஜையில் அடித்தேன். அண்ணாச்சி உள்ளேயிருந்து, "வே பால்வண்ணம், மேஜை என்ன வே பாவம் பண்ணிச்சு?" என்றார்.

இரண்டாவது தடவை ஐந்தரை கேள்வி. நாற்பத்தாறு. ஏறிக்கொண்டுதானே சார் இருக்கிறேன்? இறங்கவில்லையே.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சிக்கு உடம்பு முடியாமல் போனது. கை நடுக்கம். பேனாவைப் பிடித்தால் கையெழுத்து கோலமாக வருகிறது. எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். எனக்கு அன்றைக்கு வரைக்கும் அவர் முன்னால் உட்கார்ந்து பழக்கம் இல்லை.

"பங்குனி முடிய நான் தாங்குவேன். அதுக்கப்புறம் முடியாது வே. லைசென்ஸ் ஆள் இல்லாம ஆபீஸத் தொறந்து வச்சு ஈயோட்டவா? ரெண்டு பேரும் எழுதுங்க. பாஸ் பண்ணுற ஆளு பேர்ல கம்பெனி. எனக்குன்னு யாரு இருக்கா."

ரெண்டு பேரும் என்று சொன்னார் பாருங்க. நானும் அவளும் ஒன்றா? சிரித்துக்கொண்டேன். டைப் அடிக்கிற பிள்ளை எழுதிக் கிழிக்கட்டும் என்று நினைத்தேன்.

அவள் எப்படிப் படித்தாள் தெரியுமா? ஒரு அலாரம் டைம்பீஸ் வாங்கி மேஜையில் வைத்தாள். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஒரு கேள்வியை எடுப்பாள். பதினாறு நிமிஷம் எழுதுவாள். அலாரம் கத்தும். நிறுத்திவிடுவாள். சொல் பாதியில் நின்றாலும் நிறுத்திவிடுவாள் சார். பாதிச் சொல். பார்க்கவே எனக்கு வயிறு எரியும். "முடிச்சிட்டு எழும்பேன் புள்ள, இன்னும் ரெண்டு வரிதான" என்பேன்.

"கட்-ஆஃப் ஆயிட்டுண்ணே" என்பாள்.

கட்-ஆஃப் என்றால் உங்களுக்குத் தெரியாது. இத்தனை மணிக்குள் பெட்டி துறைமுகத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று கப்பல்காரன் ஒரு நேரம் போடுவான். பெட்டி என்றால் கன்டெய்னர். நேரம் தாண்டினால் உன் பெட்டி கரையில், அவன் கப்பல் கடலில். அவள் என்ன சொல்லுவாள் என்றால், "ஒவ்வொரு கேள்வியும் ஒரு கப்பல்ண்ணே. பத்துக் கப்பலு. ஒரே கப்பல்ல எல்லாப் பெட்டியையும் ஏத்தணும்னு நின்னா மத்த ஒம்போதும் போயிரும். கெடைச்சத ஏத்திட்டு அடுத்ததுக்கு ஓடணும்."

என்னிடம் வந்து கட்-ஆஃப் பாடம். கட்-ஆஃப் என்பது பேச்சு முடிகிற நேரம் இல்லை சார். பேச்சு ஆரம்பிக்கிற நேரம். எத்தனை தடவை கப்பல் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டுக் கத்தி, கெஞ்சி, மறுபடியும் கத்தி, ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் நீட்டி வாங்கியிருக்கிறேன் தெரியுமா? அவுரி இலை ஏற்றின பெட்டி ஒன்று, டயர் வெடித்து வழியில் நின்றுவிட்டது. கப்பலையே ஐம்பது நிமிஷம் பேசி நிறுத்தி வைத்தவன் நான். அவளுக்கும் தெரியும். அவள்தான் அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஏன் நிறுத்துகிறான்? பந்தல்குடியா? டீக்கா? பரீட்சைக்குப் போகிறவன் இருக்கிறான், இவனுக்கு டீ கேட்குது. எவ்வளவு நேரம் நிற்குமாம்? பத்து நிமிஷமா? இருங்க சார். இதைப் பேசி அஞ்சு நிமிஷமாக்கிட்டு வர்றேன். நீங்க படிங்க.

வந்துட்டேன். ஏறியாச்சு, எடு, எடு.

கண்டக்டர் லேசில் மடியவில்லை. பத்து நிமிஷம் எங்க உரிமை என்கிறான். உரிமை பேசுகிறவனிடம் கடமை பேச வேண்டும். பேசினேன். எவ்வளவு நேரம் ஆச்சு? பதினேழு நிமிஷமா? பாருங்க, நான் மட்டும் இறங்கிப் பேசவில்லை என்றால் அரைமணி ஆக்கியிருப்பான்.

என்ன சொல்றீங்க? எல்லாரும் எட்டு நிமிஷத்திலேயே ஏறிட்டாங்களா? டிரைவரும் சீட்டில்தான் இருந்தாரா? யாருக்குக் காத்திருந்தாராம்?

விடுங்க. எங்கே விட்டேன்? ஆமாம், மூன்றாவது தடவை. போன வருஷம். இதே மதுரை, இதே காலேஜ். ஹாலில் எனக்கு நாலு வரிசை முன்னால் ஜெசிந்தா. பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுக்க வேண்டும். கொடுத்தது பத்து நாலுக்கு. என் வாட்சிலும் பக்கத்தில் இருந்தவன் வாட்சிலும் பார்த்தேன். நாலு நிமிஷம் களவு. எழுந்து நின்றேன்.

ஹாலுக்குக் காவல் ஒரு டீச்சரம்மா. நல்ல மாதிரிதான். "சார், உக்காந்து எழுதுங்க. முடிவுல பாத்துக்கலாம்" என்றார்.

"முடிவுல பாத்துக்கலாம்ங்கிற பேச்சை இருபத்தொரு வருஷமா கேட்டவன் டீச்சர் நான். எவ்வளவு தருவீங்க, இப்பவே சொல்லுங்க."

"என்ன சார் தரணும்?"

"பதினஞ்சு நிமிஷம்."

"லேட்டானது நாலு நிமிஷம்தான சார்?"

"நாலு நிமிஷம் லேட்டு. அதனால ஏற்பட்ட மனவேதனைக்கு யாரு பொறுப்பு?"

நான் பதினைந்து உண்மையில் எதிர்பார்க்கவில்லை. கேட்டு வைப்பதுதான். அந்த அம்மாவுக்கு அதிகாரம் இல்லை என்று தெரிந்ததும் பெரியவரைக் கூப்பிடுங்க என்றேன். அதிகாரம் இல்லாதவரிடம் பேசுவது தண்டம். பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தார். அவர் ரெண்டு நிமிஷத்தில் ஆரம்பித்தார். நான் பன்னிரண்டுக்கு வந்தேன். அவர் மூன்று என்றார். நான் வெளியே போய்விடுவேன் என்று பையைத் தூக்கினேன். போங்க என்றார். அது ஒரு தந்திரம், எனக்குத் தெரியாதா? பையைக் கீழே வைத்துவிட்டு எட்டு என்றேன். கடைசியில் ஐந்துக்கு முடித்தோம். நாலு நிமிஷ நஷ்டத்துக்கு ஐந்து நிமிஷம் சார். ஒரு நிமிஷம் லாபம். எனக்கு மட்டுமா? ஹாலில் இருந்த அறுபது பேருக்கும் வாங்கிக் கொடுத்தேன். ஒருத்தனாவது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தானா? குனிந்து குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறான்கள். நன்றி கெட்ட கூட்டம்.

எவ்வளவு நேரம் பேசினேனா? அதை ஏன் கேட்கிறீங்க? ஒரு இருபத்தைந்து நிமிஷம் இருக்கும்.

உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன் சார். முதல் கேள்வியைப் பார்த்தால், ஏற்றுமதிச் சரக்குக்குக் கட்டின தீர்வையை எப்படித் திரும்ப வாங்குவது என்று கேட்டிருக்கிறான். என்னிடம் கேட்கிறான். அந்த விஷயத்தில் என்னை விட்டால் தூத்துக்குடியில் ஆள் கிடையாது. சட்டத்தை எழுதினேன். சட்டத்தில் இல்லாததையும் எழுதினேன். மழையில் நனைந்த ஒரு பெட்டிக்கு நான் எப்படிப் பேசித் திரும்ப வாங்கினேன் என்று, எந்த அதிகாரி எந்த நாற்காலியில் இருந்தார் என்பது வரைக்கும் எழுதினேன். ஒன்பது பக்கம். தலையைத் தூக்கினால் பதினொன்றரை. திருத்துகிறவன் அதைப் படித்துவிட்டு வீட்டில் பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பான்.

மொத்தம் நாலு கேள்வி. முப்பத்தெட்டு.

அவள் பத்தும் எழுதினாள். அறுபத்து நாலு. பாஸ். கணக்குப் போட்டுப் பாருங்க, கேள்விக்கு ஆறு, ஆறரை. என் ஒரு பதிலைப் பக்கத்தில் வைத்தால் அவள் பதில் நோஞ்சான். அன்றைக்கு வெளியே வந்ததும் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த அஞ்சு நிமிஷத்துல பத்தாவது கேள்விய முடிச்சேண்ணே. நீங்க வாங்கித் தந்தது" என்றாள். அப்போ அந்த லைசென்ஸில் எனக்குப் பங்கு உண்டா இல்லையா?

மணி என்ன? எட்டரையா. அருப்புக்கோட்டையே இப்போதான் வருகிறது.

பங்குனி முடிந்தது. அண்ணாச்சி கம்பெனியை அவள் பெயரில் மாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் நான். சரக்குக்காரன் வந்தால் நேரே என் முகத்தைப் பார்த்து, "மேடம் இருக்காங்களா?" என்று கேட்கிறான். அவன் பெட்டிக்காக நான் எத்தனை ராத்திரி துறைமுகக் கேட்டில் நின்றிருப்பேன். மேடம் இருக்காங்களா.

அவள் ஒன்றும் மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எழுந்து நின்றுதான் பேசுவாள். அதுதான் இன்னும் எரிகிறது. திமிராக இருந்தால் ஒரு அறை விட்ட மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடலாம். அண்ணே, அண்ணே என்கிறவளை என்ன செய்ய?

விவரமும் பத்தாது. பழைய போர்டு துருப்பிடித்துவிட்டது என்று புதுப் போர்டு எழுதினாள். மேலே கம்பெனி பெயர். அதற்குக் கீழே அவள் பெயர், லைசென்ஸ் நம்பர். அதற்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வெறும் இடம். மொட்டையாக. கையை வைத்தே அளந்து பார்த்தேன், சரியாக ஒரு சாண். பெயின்டர் பயலுக்கு அளவு தெரியவில்லை, எழுத்தை மேலே தள்ளிவிட்டான். நான் அவனைப் பிடித்து, எழுதாத இடத்துக்கு எதற்குக் கூலி, குறை என்றேன். "அந்தம்மாதான் விடச் சொன்னாங்க சார்" என்கிறான். சொன்னேனே, விவரம் பத்தாது. போகிற வருகிறவனெல்லாம், என்ன பால்வண்ணம், போர்டு பாதியில நிக்குது என்று கேட்கிறான். எனக்குத்தானே அசிங்கம்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, இறங்கினால் நீங்க யாரோ நான் யாரோ. இதுதான் கடைசித் தடவை. ஐம்பத்தொரு வயதாகிறது. இதிலும் போனால் ராஜினாமா. கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இதோ, தொட்டுப் பாருங்க. தேதி மட்டும் போடவில்லை. இருபத்திரண்டு வருஷம் இருந்த ஆபீஸ் சார். பீரோ எந்தப் பக்கம் இழுத்தால் திறக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வேறு எவன் வாசலில் போய் நிற்பேன் என்று தெரியாது. ஆனாலும் அந்தக் கடிதத்தை வைத்துவிடுவேன்.

நேற்றுச் சாயங்காலம் கிளம்பும்போது ஒரு சீட்டைக் கையில் திணித்தாள். இதுதான். படிக்கிறேன் கேளுங்க. "10.00 முதல் கேள்வி. 10.16 விடுங்க. 10.32 விடுங்க. 10.48 விடுங்க." இப்படியே பன்னிரண்டு நாற்பது வரைக்கும் பத்து இடத்தில் விடுங்க, விடுங்க என்று. கடைசி இருபது நிமிஷம் படித்துப் பார்க்கணுமாம். எனக்குப் பார்த்ததும் தலை சுற்றியது. என் வாழ்க்கையில் எதையாவது விட்டிருக்கிறேனா? விட்டிருந்தால் இன்றைக்கும் உப்பு மூட்டைதான் தூக்கிக்கொண்டிருப்பேன். பார்த்த வேகத்தில் மடித்துப் பையில் போட்டேன்.

"டீச்சரம்மாகிட்ட எதுவும் பேசாதீங்கண்ணே" என்றாள்.

"அவங்க நாலு நிமிஷம் லேட்டாக் குடுத்தா?"

"குடுக்கட்டும். நாலு நிமிஷம்தான?"

நாலு நிமிஷம்தானே என்கிறாள். நாலு நிமிஷத்தில் கப்பல் போயிருக்கு சார். அதையும் அவளிடம் சொன்னேன். "ஆமாண்ணே. அதைத்தான் நானும் சொல்லுதேன்" என்றாள். என்ன சொல்லுகிறாள் என்றே புரியவில்லை. ராத்திரி முழுக்க அது காதில் நின்றது. அதைத்தான் நானும் சொல்லுதேன். எதை?

நீங்க என்ன சார், இன்னும் அந்தப் பக்கத்திலேயே நிற்கிறீங்க. ஏழேகாலுக்குத் திறந்த பக்கம். நேரத்தை இப்படி விடக் கூடாது.

மாட்டுத்தாவணி வந்தாச்சு. இறங்குங்க, இறங்குங்க. ஒன்பது பதினேழு. ஒன்பது நாற்பத்தைந்துக்குக் கேட்டை மூடிவிடுவான். கால்மணி நேரப் பாதைதான். பதற வேண்டாம். பையை என்னிடம் கொடுங்க.

ஏம்ப்பா, காலேஜுக்கு எவ்வளவு? இருநூறா? ஆட்டோவுக்கா, ஆட்டோவையே விலைக்குத் தர்றியா? நூறு. இங்கே பாருப்பா, நூறு. என்ன சிரிப்பு?

சார், பையை வண்டியில் வைக்காதீங்க. வைத்தால் அவசரம் என்று அவனுக்குத் தெரிந்துபோகும். கையில் புத்தகத்தையும் மறைங்க. கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நில்லுங்க.

இருநூறுக்குக் குறையாதா? ஏறுறதுன்னா ஏறு, இல்லைன்னா வழியை விடுங்கிறியா? சரி. வாங்க சார் போகலாம். நடங்க. திரும்பிப் பார்க்காதீங்க. பத்து அடி. இப்போ கூப்பிடுவான். எல்லாரும் கூப்பிடுவான்கள். நடங்க.

கூப்பிட்டானா?

இன்னும் ஒரு பத்து அடி.

மணி என்ன? ஒன்பது இருபத்தாறா? இருபத்தாறு எப்படி ஆனது? இப்போதானே பதினேழு. உங்க வாட்ச் ஓடுதா? என்னுடையதும் இருபத்தாறு.

இருங்க சார், அட்ரஸ் சரியாகப் பார்த்துவிட்டு அடுத்த ஆட்டோவைக் கேட்போம். ஹால் டிக்கெட்டை எங்கே வைத்தேன். இது ராஜினாமா. இது அவள் சீட்டு. இதற்குப் பின்பக்கமும் என்னவோ எழுதியிருக்கிறாளே? நேற்று நான் திருப்பிப் பார்க்கவில்லையே.

"மாட்டுத்தாவணியில் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு ஏறுங்க அண்ணே. பேச வேண்டாம்."

பார்த்தீங்களா சார் கொழுப்பை. தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு, நான் இங்கே எந்த இடத்தில் நிற்பேன் என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். இவளுக்கு நான்தான் தொழில் சொல்லிக் கொடுத்தேன்.

கீழே இன்னொரு வரி இருக்கு.

"போர்டில் விட்டிருக்கிற இடத்தில் உங்க பேர் அடங்கும். அளந்து பார்த்தாச்சு."

போர்டில்.

ஒரு சாண்.

பெயின்டரிடம் போய் நான் கூலியைக் குறைக்கச் சொன்னேன் சார். அந்த இடத்துக்கு. பங்குனியிலிருந்து அது அப்படியே நிற்கிறது. மழை, வெயில் எல்லாம் பட்டுக்கொண்டு. நான் தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

மணி என்ன? வேண்டாம், சொல்லாதீங்க. திரும்புங்க. அந்த ஆட்டோவேதான். ஓடுங்க சார், ஓடலாம், யார் பார்த்தால் என்ன. ஏம்ப்பா, இரு, இரு. இருநூறுதானே. சரி. சரி என்கிறேன்ல, என்ன முழிக்கிறே? ஏறுங்க சார். பையை வைங்க.

எடுப்பா. நூற்றெண்பதுன்னு ஒரு வார்த்தை நாக்கு நுனியில நிக்குது. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள வண்டியை எடு.